பழைய 48 வோல்ட் ஸ்கூட்டர்: லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, சக்கரம் மட்டும் உதறுது. கண்ட்ரோலர் போயிடுச்சா?

#1 தாராபுரத்தான்

வணக்கம்ங்க. வீட்டுல 2017ல வாங்குன லோ ஸ்பீட் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒண்ணு இருக்கு. பின் சக்கரத்துல 250 வாட் ஹப் மோட்டார், சீட்டுக்கு அடியில 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி நாலு. அப்பாதான் ஓட்டுறார். தோட்டம், பால் சொசைட்டி, சந்தை, அவ்வளவுதான் ஓட்டம். பேட்டரி நாலும் போன வருஷம் மாத்துனது.

போன வாரம் சந்தையிலிருந்து திரும்பும்போது வழியிலேயே நின்னுடுச்சு. சாவி போட்டா மீட்டர் எரியுது, பேட்டரி கோடு முழுசா காட்டுது. லைட், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் சரியா இருக்கு. ஆக்ஸிலேட்டரைத் திருகினா பின் சக்கரம் ஒரு தடவை உதறி 'கர்ர்'னு சத்தம் போடுது, அத்தோட சரி.

வாங்கின டீலர் எப்பவோ கடையை மூடிட்டார். உள்ளூர் மெக்கானிக் வண்டியைத் தொடாமலே "கண்ட்ரோலர் அவுட், ஆன்லைன்ல வாங்கிட்டு வா, மாட்டித் தர்றேன்"னு சொல்லிட்டார். பேட்டரி கரண்டை மோட்டாருக்கு அளந்து கொடுக்கற அந்தப் பெட்டியில எதை வாங்குறது? வாங்குறதுக்கு முன்னாடி கண்ட்ரோலர்தான்னு எப்படி உறுதி பண்றது? மல்டிமீட்டர் இருக்கு, ஓரளவு பிடிக்கத் தெரியும்.

#2 பழையவண்டி

தம்பி, இன்னும் ஆர்டர் போடலையே? நல்லது, கொஞ்சம் பொறுங்க.

சாவியை எடுத்துட்டு, எம்சிபியையும் (பேட்டரி லைனை வெட்டுற ட்ரிப் ஸ்விட்ச்) இறக்கிட்டு, வண்டியைக் கையால தள்ளிப் பாருங்க. சாதாரணமா உருளுதா, இல்ல விட்டு விட்டு இழுத்துப் பிடிக்குதா? பிடிச்சா, சீட்டைத் தூக்கி கண்ட்ரோலர்லேர்ந்து மோட்டாருக்குப் போற மூணு தடி ஒயரையும் (மஞ்சள், பச்சை, நீலம்) கழட்டுங்க. அதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஒண்ணோடொண்ணு ஒட்டாம தனித்தனியா டேப் சுத்திட்டு மறுபடியும் தள்ளுங்க.

கழட்டினதும் சக்கரம் லேசாயிட்டா, கண்ட்ரோலருக்குள்ள மாஸ்ஃபெட் (மோட்டாருக்குப் போற ஓட்டத்தைத் திறந்து மூடற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) ஷார்ட் ஆயிருக்கு. கழட்டின பிறகும் கனமா இருந்தா கோளாறு மோட்டார் பக்கம், அதாவது காயில் அல்லது கேபிள். அப்போ கண்ட்ரோலர் மாத்தி ஒரு புண்ணியமும் இல்லை.

ஆக்ஸிலேட்டர் கிரிப், பிரேக் ஸ்விட்ச் ரெண்டும் இதே மாதிரி ஏமாத்தும். பிரேக் லீவர் ஸ்விட்ச் ஒட்டிக்கிட்டா கண்ட்ரோலர் மோட்டாருக்கு ஓட்டமே தராது. உங்க வண்டியில சக்கரம் உதறவாவது செய்யுதே, அதனால பிரேக் ஸ்விட்சா இருக்க வாய்ப்பு கம்மி. பின்னாடி சிவப்பு லைட் எந்நேரமும் எரியுதான்னு மட்டும் ஒரு பார்வை பாருங்க.

#3 வேகம்60

இத்தனை டெஸ்ட் எதுக்கு ப்ரோ? 60 வோல்ட் 1000 வாட் கண்ட்ரோலர் ஒண்ணு வாங்கி, கூட ஒரு பேட்டரி சேர்த்துப் போடுங்க. வண்டி பறக்கும். என் ஃப்ரெண்ட் அப்படித்தான் ஓட்டுறான்.

#4 சால்டர்செல்வம்

வேகம் தம்பி, பறக்கப் போறது அவங்கப்பா. வயசு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க.

தாராபுரத்தாருக்கு: லைட் எரியறதையும் ஹாரன் அடிக்கறதையும் கணக்குல சேர்க்காதீங்க. அதுக்கெல்லாம் கரண்ட் கொடுக்கறது 48ஐ 12 வோல்ட்டாக்கற தனிப் பெட்டி, கன்வெர்ட்டர். கண்ட்ரோலருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரிக் கோடும் அதே மாதிரிதான். சும்மா நிக்கும்போது செத்த பேட்டரியும் முழுசா இருக்கற மாதிரி காட்டும். லோடு ஏறினதும் ஒரு பேட்டரி மட்டும் சரிஞ்சு, மொத்தம் 42 வோல்ட்டுக்குக் கீழ போனா கண்ட்ரோலர் தானா வெட்டிடும். ஒரு பேட்டரிக்கு 10.5, நாலுக்கு 42. என்கிட்ட "கண்ட்ரோலர் போச்சு"ன்னு தூக்கிட்டு வர்றதுல பல பெட்டி உள்ள நல்லாத்தான் இருக்கும், குற்றவாளி பேட்டரியா இருக்கும்.

அதனால கண்ட்ரோலருக்குள்ள போற தடிச் சிவப்பு, கருப்பு ஒயர்லயே மீட்டரை வச்சுக்கிட்டு ஒருத்தரை ஆக்ஸிலேட்டர் திருகச் சொல்லுங்க. பேட்டரி முனையில அளக்காதீங்க, நடுவுல இருக்கற எம்சிபியும் கனெக்டரும் கருகியிருந்தா அங்க தெரியாது. சாவியிலிருந்து கண்ட்ரோலருக்கு மெல்லிசா ஒரு ஒயர் தனியா வரும், அதுலயும் அதே 48 இருக்கணும். இன்னும் சந்தேகம்னா கார் ஹெட்லைட் பல்பு, 12 வோல்ட் 55 வாட், அதை ஒவ்வொரு பேட்டரியிலயும் அஞ்சு நிமிஷம் எரிய விட்டு அளந்து பாருங்க. மத்த மூணையும் விட்டுட்டு ஒண்ணு மட்டும் மளமளன்னு இறங்கினா ஆள் அதுதான்.

வாட்ச், மோதிரம் எல்லாம் கழட்டி வச்சுட்டு வேலை பாருங்க. 48 வோல்ட் ஷாக் அடிக்கலேன்னாலும், லெட் ஆசிட் பேட்டரியை ஸ்பேனரால ஷார்ட் பண்ணினா ஸ்பேனரே பழுத்துடும்.

#5 தாராபுரத்தான்

அண்ணா, பார்த்துட்டேனுங்க. சும்மா இருக்கும்போது 51.6 வோல்ட். திருகும்போது கண்ட்ரோலர் முனையில 50ஐ விட்டு இறங்கலை. சாவி ஒயர்லயும் அதே அளவு வருது. பிரேக் லைட் ஒழுங்கா அணையுது.

தள்ளும்போது நீங்க சொன்ன மாதிரியேதான், இழுத்துப் பிடிச்சு விடுது. மூணு ஒயரையும் கழட்டினதும் சக்கரம் சுகமா சுத்துது. அப்போ கண்ட்ரோலர்தானே?

#6 பழையவண்டி

ஆமா, முக்கால்வாசி முடிவாயிடுச்சு. மீதியையும் மீட்டர்லயே பார்த்துடலாம்.

எம்சிபியை இறக்குங்க, பேட்டரி கனெக்டரையும் பிடுங்குங்க. உள்ள இருக்கற பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், அது காலியாகக் கொஞ்ச நேரம் விடுங்க. தடிச் சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவுல வோல்ட் பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்த பிறகுதான் மீட்டரை டயோடு குறிக்குத் திருப்பணும். மோட்டார் ஒயர் மூணும் கழட்டியே இருக்கட்டும். மாட்டி வச்சு அளந்தா மோட்டார் காயில் வழியா மூணும் ஒண்ணாயிடும், ஒரு மாஸ்ஃபெட் போயிருந்தாலும் மூணும் போன மாதிரியே காட்டும். நிறைய பேர் குழம்பறது இங்கதான்.

இப்போ மீட்டரோட சிவப்பு முனையை கண்ட்ரோலரோட தடிக் கருப்பு ஒயர்ல வைங்க. கருப்பு முனையால மஞ்சள், பச்சை, நீலம்னு ஒவ்வொண்ணா தொடுங்க. நல்ல மாஸ்ஃபெட்னா 0.45லிருந்து 0.6க்குள்ள ஒரு எண் வரும், மூணும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இது கீழ் வரிசை மூணு.

அடுத்தது மேல் வரிசை. மீட்டரோட கருப்பு முனை கண்ட்ரோலரோட தடிச் சிவப்புல, சிவப்பு முனை மஞ்சள், பச்சை, நீலத்துல. இங்கயும் அதே அளவுதான் வரணும். எண் நிலையா நிக்காம மெதுவா ஏறிக்கிட்டே போனா பயப்படாதீங்க, கெப்பாசிட்டர் நிறையுது, அவ்வளவுதான்.

எங்கேயாவது பூஜ்யம் வந்து பீப் அடிச்சா, அந்த மாஸ்ஃபெட் ஷார்ட்.

#7 தாராபுரத்தான்

கீழ் வரிசை: மஞ்சள் 0.512, பச்சை 0.509, நீலம் 0.002, பீப் சத்தம்.
மேல் வரிசை: மூணும் 0.51 பக்கம்.

நீலம் கீழ் மாஸ்ஃபெட் காலிங்க. கன்ஃபர்ம்.

#8 வேகம்60

அதான் அப்பவே சொன்னேனே, கண்ட்ரோலர்தான். இப்பவாவது வாங்குங்க.

#9 சால்டர்செல்வம்

வாங்காதீங்க, இன்னும் வேலை பாக்கி இருக்கு.

மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனது உறுதி. ஆனா அது ஏன் ஆச்சு? பால் சொசைட்டிக்குப் போயிட்டு வர்ற வண்டியில, மேடு ஏறாத வண்டியில, இத்தனை வருஷம் ஓடின மாஸ்ஃபெட் சும்மா சாகாது. தண்ணி உள்ள போயிருக்கலாம். மோட்டாருக்குள்ள காந்தம் எங்க இருக்குன்னு கண்ட்ரோலருக்குச் சொல்ற ஹால் சென்சார் ஒண்ணு கோளாறாகி, தப்பான நேரத்துல தப்பான காயிலுக்கு ஓட்டம் போயிருக்கலாம். இல்லேன்னா ஃபேஸ் ஒயர், அதான் மோட்டாருக்குப் போற அந்தத் தடி ஒயர், ரெண்டு எங்கயாவது உரசியிருக்கலாம். காரணத்தை விட்டுட்டு புது கண்ட்ரோலரை மாட்டினா, முதல் திருகுலயே அதுவும் போயிடும். என் மேஜைக்கு ஒரே வண்டிக்காரர் ரெண்டு கண்ட்ரோலரோட வந்து நிப்பார். ரெண்டுலயும் அதே ஃபேஸ் எரிஞ்சிருக்கும்.

ஒரு கேள்வி: சமீபத்துல பின் சக்கரத்தைக் கழட்டினீங்களா? பஞ்சர், டயர் மாத்தறது, பிரேக் ஷூ, ஏதாவது?

#10 தாராபுரத்தான்

அண்ணா, எப்படிங்க கண்டுபிடிச்சீங்க! நிக்கறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பின் டயர் பஞ்சராச்சு. ரோட்டோரக் கடையில சக்கரத்தைக் கழட்டித்தான் ஒட்டினாங்க.

#11 பழையவண்டி

செல்வம் சரியான இடத்துல கைய வச்சுட்டார்.

ஹப் மோட்டார்ல சுத்தறது வெளிக் கூடு. நடு ஆக்ஸில் சுத்தக்கூடாது, அதுதான் ஃபிரேமைப் பிடிச்சு நிக்கணும். மோட்டார் எவ்வளவு விசையில சக்கரத்தை முன்னாடி தள்ளுதோ, அதே விசையில ஆக்ஸிலைப் பின்னாடி முறுக்கும். அதைத் தடுக்கத்தான் ஆக்ஸில்ல ரெண்டு பக்கமும் தட்டையா சீவியிருப்பாங்க, பல்லு வச்ச வாஷர் ஒண்ணும் கொடுத்திருப்பாங்க. அந்த வாஷரை வெளிய மாட்டினாலோ, விட்டுட்டாலோ, நட்டு லூசா இருந்தாலோ, ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஆக்ஸில் கொஞ்சம் கொஞ்சமா திரும்பும். கேபிள் அந்த ஆக்ஸிலுக்குள்ள இருந்துதான் வெளிய வருது. பல்லில்லாத வாய் சோளக்கதிரை மெல்ற மாதிரி, ஆக்ஸில் முனை கேபிளை மென்னுடும்.

கேபிள் வெளிய வர்ற இடத்துல கருப்பு உறையைப் பிளந்து பாருங்க.

அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க. ஃபேஸ் ஒயர் மூணையும் கழட்டினபடியே வச்சு, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒரு கையால சக்கரத்தைச் சுத்திக்கிட்டே இன்னொரு கையால ஆக்ஸில் பக்கம் கேபிளை மடக்கி நிமிர்த்திப் பாருங்க. எந்த நிலையிலாவது சக்கரம் சட்டுன்னு பிடிச்சா, ரெண்டு ஃபேஸ் அங்க தொட்டுக்குது. இதை மீட்டர் காட்டாது. மோட்டார் காயிலோட ரெசிஸ்டன்ஸே ஒரு ஓம்ஸுக்குக் கீழ, சாதா மீட்டருக்கு அதுவும் ஷார்ட்டும் ஒண்ணுதான்.

#12 தாராபுரத்தான்

நல்லா சுத்திக்கிட்டிருந்த சக்கரம், கேபிளை மேல் பக்கம் தூக்கினதும் 'டக்'னு பிடிச்சு நின்னுச்சு. விட்டதும் மறுபடி லேசு. ரெண்டு மூணு தடவை மாத்தி மாத்தி செஞ்சு பார்த்தேன், அதேதான்.

அப்புறம் உறையைப் பிளந்தேன். பச்சை ஒயரும் நீல ஒயரும் ஒரு பக்கம் இன்சுலேஷன் நசுங்கி, உள்ள செம்புக் கம்பி கருத்துப் போய்த் தெரியுது. அதுக்குப் பக்கத்துல மெல்லிசா மஞ்சள் ஒயர் ஒண்ணு அறுந்தே கிடக்கு. வாஷரைத் தேடினா நட்டுக்கு வெளிப்பக்கம் மாட்டி வச்சிருக்காங்க, பல்லு எதுலயும் உட்காரவே இல்லை. ஆக்ஸில் உட்கார்ற பள்ளமும் கொஞ்சம் அகண்டிருக்கு.

கடைக்காரரைத் திட்டறதா, நானே நின்னு பார்க்காம விட்டதை நினைக்கறதான்னு தெரியலைங்க. அப்பா மட்டும் "டயர் நல்லாத்தானே ஒட்டினான்"ங்கறார்.

#13 வைகைக்கரை

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், என் வண்டியிலயும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஹால் சென்சார் மூணும் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். கண்ட்ரோலர் 5 வோல்ட் தரலை, அதனால பழைய மொபைல் சார்ஜர் ஒயரை வெட்டி, அதோட 5 வோல்ட்டை ஹால் சாக்கெட் சிவப்பு, கருப்புல கொடுத்தேன். சக்கரத்தைச் சுத்தி மஞ்சள், பச்சை, நீலம் மூணுலயும் அளந்தா ஒண்ணுமே வரலை. மோட்டாரைத் திறந்து சென்சார் மாத்தணும்னா இங்க மதுரையில செய்றவங்க யாரு? திறக்கவே பயமா இருக்குண்ணே.

#14 சால்டர்செல்வம்

மேடம், மோட்டாரைத் தொடாதீங்க! உங்க சென்சார் மூணும் நல்லாவே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஹால் சென்சார் தானா 5 வோல்ட்டை வெளிய தள்ளாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரே வேலை: காந்தத்தோட ஒரு துருவம் வந்தா சிக்னல் ஒயரைக் கிரவுண்டுக்கு இழுக்கும், எதிர்த் துருவம் வந்தா விட்டுடும். விட்ட ஒயரை 5 வோல்ட்டுக்குத் தூக்கி வைக்கறது கண்ட்ரோலருக்குள்ள இருக்கற ரெசிஸ்டர். நீங்க சார்ஜர் வச்சுப் பார்க்கும்போது அந்த ரெசிஸ்டர் இல்லை, அதனால மீட்டர்ல எதுவும் தெரியலை.

1 கிலோ ஓம்ஸ்லிருந்து 10 கிலோ ஓம்ஸ் வரைக்கும் ஏதாவது ஒரு ரெசிஸ்டர் எடுத்து, ஒரு முனையை 5 வோல்ட் சிவப்புலயும் மறு முனையை நீங்க அளக்கற சிக்னல் ஒயர்லயும் வைங்க. மீட்டரை அந்த சிக்னலுக்கும் கருப்புக்கும் நடுவுல வச்சு சக்கரத்தை ரொம்ப மெதுவா உருட்டுங்க. கூட்டுல காந்தம் நிறைய இருக்கு, விரல் நகர்ற அளவுக்கு உருட்டினாலே மாறும். வேகமா சுத்தினா மீட்டர் சராசரி எடுத்து ரெண்டரை வோல்ட் பக்கம் காட்டிக் குழப்பும்.

0, 5, 0, 5ன்னு மாறினா சென்சார் நல்லது. எப்பவும் 5லயே நின்னா, ஒயர் அறுந்திருக்கு அல்லது சென்சார் வேலை செய்யலை. எப்பவும் 0ன்னா எங்கயோ கிரவுண்டோட ஒட்டிக்கிடக்கு.

தாராபுரத்தாரும் இதையே செய்ங்க. உங்களுக்கு மஞ்சள் 5லயே நிக்கும்னு நினைக்கிறேன், அறுந்த ஒயர் அதுதானே.

#15 வைகைக்கரை

அண்ணே, மூணும் மாறுது! ரெசிஸ்டர் பழைய ரேடியோ போர்டுலேர்ந்து பிச்சு எடுத்தது. எல்லாரும் மோட்டாரைத் திற, மோட்டாரைத் திறன்னே சொன்னாங்க. இப்போ கண்ட்ரோலர்ல 5 வோல்ட் ஏன் வரலைன்னு பார்க்கணும். அதுக்குத் தனியா இழை போடுறேன், இவங்க பிரச்சினையில குறுக்கே வர வேண்டாம்.

#16 தாராபுரத்தான்

செல்வம் அண்ணா சொன்னது அப்படியே. பச்சை, நீலம் மாறுது. மஞ்சள் 5லயே நிக்குது. அறுந்த மஞ்சளோட மோட்டார் பக்க முனையில மீட்டரையும் ரெசிஸ்டரையும் வச்சதும் அதுவும் மாறுது. சென்சார் நல்லா இருக்கு, ஒயர்தான் போச்சு.

கேபிள் முழுசா மாத்தணுமா, ஒட்டு போடலாமா?

#17 சால்டர்செல்வம்

மென்ன இடம் ஆக்ஸிலுக்கு வெளிய இருந்தா ஒட்டு போடலாம். துளைக்குள்ளயே இருந்தா மோட்டார் பக்கமூடியைத் திறந்து புதுக் கேபிள்தான் இழுக்கணும். ஆக்ஸில் துளைக்குள்ள ஒட்டு நுழையாது, நுழைச்சாலும் நிக்காது.

வெளியன்னா, நசுங்கின பகுதியை வெட்டி எறிஞ்சுட்டு ஒவ்வொரு ஒயரையும் வேற வேற நீளத்துல ஒட்டுங்க. எல்லா ஒட்டும் ஒரே இடத்துல குவிஞ்சா தடிச்சு, மறுபடியும் உரசும். முதல்ல ஹீட் ஷ்ரிங்க் டியூபை ஒயர்ல கோத்துக்கிட்டு அப்புறம் ஈயம் வைங்க. (ஈயம் வச்ச பிறகுதான் டியூப் ஞாபகம் வரும். இந்தத் தொழில்ல இருக்கற எல்லாருக்கும்!) ஃபேஸ் ஒயருக்கு அதே தடிமன் செம்பு வேணும், வீட்டு ஸ்விட்ச்போர்டு ஒயர்ல மிச்சம் கிடந்ததைப் போடாதீங்க. வெறும் இன்சுலேஷன் டேப் வேண்டாம், வெயில்ல பிசின் உருகி ஒரு கோடை தாங்காது.

மாட்டும்போது பல்லு வாஷர் ஃபிரேமுக்கு ஒட்டி உட்காரணும். கேபிள் வெளிய வர்ற வாய் தரையைப் பார்த்து இருக்கணும், மேல பார்த்தா மழைத்தண்ணி ஆக்ஸில் வழியா மோட்டாருக்குள்ளயே போகும். அகண்ட பள்ளத்துக்கு லேத்துல ரெண்டு இரும்புத் தகடு வெட்டிப் போடச் சொல்லுங்க. அதை விட்டா இதெல்லாம் திரும்ப வரும்.

#18 தாராபுரத்தான்

நல்லவேளை வெளியதான் இருந்துச்சு. ஒட்டு முடிஞ்சுது, தகடும் போட்டாச்சு. கேபிளை எப்படி மடக்கினாலும் சக்கரம் பிடிக்கலை. ஃபேஸ் ஒயருக்கும் ஹால் ஒயருக்கும் நடுவுல, ஃபேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல எதுவும் தொடலை.

இப்பவாவது வாங்கலாமுங்களா?

#19 மின்மினி72

வாங்கலாம். பழைய கண்ட்ரோலரோட லேபிளைத் துடைச்சுப் படியுங்கள், பாதித் தகவல் அதிலேயே இருக்கும். வோல்ட் 48. அதிகபட்ச ஆம்பியர் என்ன போட்டிருக்கிறதோ அதே அளவு, அல்லது அதை ஒட்டி. லோ வோல்டேஜ், அதாவது தானாக வெட்டும் அளவு, 42. ஹால் கோணம் 120 டிகிரி. இந்த ரக மோட்டாரில் பெரும்பாலும் அதுதான். பிரேக் ஒயர் 'லோ லெவல்' வகையா 'ஹை லெவல்' வகையா என்று பாருங்கள். சில வண்டியில் பிரேக் பிடித்தால் அந்த ஒயர் கிரவுண்டைத் தொடும், சிலதில் 12 வோல்ட் வரும். மாற்றி மாட்டினால் பிரேக் பிடித்தாலும் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மோட்டாருக்கு ஓட்டத்தை அலை மாதிரி சீராகக் கொடுக்கும் சைன் வேவ் வகை கண்ட்ரோலர் கொஞ்சம் விலை கூட. சத்தம் குறையும், கிளம்பும்போது உதறாது. பெரியவர் ஓட்டுகிற வண்டிக்கு அதை வாங்குவேன்.

1000 வாட் யோசனை சொன்ன தம்பிக்கும் ஒரு வார்த்தை. இந்த வண்டிக்கு நம்பர் பிளேட்டும் லைசென்ஸும் கேட்காததற்குக் காரணம், மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதன்படி மோட்டார் 0.25 கிலோவாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி இல்லாத எடை 60 கிலோவுக்கு மேல் போகாமல் இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பெரிய கண்ட்ரோலரை மாட்டிய நிமிடமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு சொந்தக் கையிலிருந்து. அது ஒரு பக்கம். 25 கிலோமீட்டருக்குச் செய்த டிரம் பிரேக் 50ல் நிற்காது, அதைச் சட்டம் தெரியாதவருக்கும் புரியும்.

#20 வேகம்60

சார், சும்மா ஒரு ஐடியாதான் கொடுத்தேன். என் ஃப்ரெண்டுக்கும் மோட்டார் சூடாகி வாடை வருதாம், அது வேற விஷயம்.

#21 வைகைக்கரை

இன்னொரு சந்தேகம். அந்த ஒரு மாஸ்ஃபெட்டை மட்டும் மாத்தினா போதாதா? முழு கண்ட்ரோலர் எதுக்கு?

#22 சால்டர்செல்வம்

மாத்தலாம், நானே மாத்தித் தர்றேன். சில பெட்டியில் உள்ள எல்லாத்தையும் பசை ஊத்தி மூடியிருப்பாங்க, அதுல கை வைக்கவே முடியாது. திறக்க முடிஞ்சாலும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகும்போது அதை இயக்கற டிரைவர் பகுதியையும் அடிக்கடி சேர்த்துக் கொண்டு போயிடும். மாஸ்ஃபெட்டை மட்டும் மாத்தி ஆன் பண்ணினா புதுசும் சேர்ந்து வெடிக்கும். ஒண்ணு போனா ஆறையும் ஒரே ரகத்துல மாத்தறது நல்லது. முதுகுல இருக்கற இன்சுலேஷன் ஷீட் கிழியாம அலுமினியக் கூட்டுல திருகணும். சாமான் சொற்ப விலைதான், கூலியோட சேர்த்தா புதுக் கண்ட்ரோலர் விலையில பாதிக்கு மேல வந்துடும். சாதா 250 வாட்டுக்கு நான் புதுசு வாங்கச் சொல்லிடுவேன். கம்பெனி சாக்கெட், கம்பெனி மீட்டரோட மட்டும் பேசற விசேஷ கண்ட்ரோலர்னா ரிப்பேர் பண்றதுதான் வழி.

#23 தாராபுரத்தான்

48 வோல்ட் சைன் வேவ், பழைய ஆம்பியர் அளவுலயே வாங்கிட்டேன். பெட்டியைத் திறந்தா தலை சுத்துது. பழசுல இருந்ததை விட ஒயர் அதிகம். நிறமும் ஒத்துப்போகலை. ரிவர்ஸ், க்ரூஸ், மூணு ஸ்பீடு, அலாரம்னு என்னென்னவோ இருக்கு. தனியா ரெண்டு வெள்ளை ஒயர் தொங்குது.

#24 பழையவண்டி

நிறத்தை நம்பாதீங்க, பெட்டி மேல ஒட்டின படத்தை நம்புங்க. உங்களுக்கு வேணுங்கறது கொஞ்சம்தான்: பேட்டரி, சாவி ஒயர், மூணு ஃபேஸ், அஞ்சு ஹால், மூணு ஆக்ஸிலேட்டர், பிரேக். மத்ததையெல்லாம் தனித்தனியா முனையை மூடிக் கட்டி வைங்க. ஒண்ணா முறுக்கி டேப் சுத்தினா ரிவர்ஸும் அலாரமும் சேர்ந்து விளையாடும்.

பேட்டரி சிவப்பு கருப்பை மாத்திடாதீங்க, அதுக்கு மன்னிப்பே கிடையாது. முதல் தடவை பேட்டரி கொடுக்கும்போது பாசிட்டிவ் ஒயர்ல 100 வாட் குண்டு பல்பு ஒண்ணை வரிசையா போட்டுக் கொடுங்க. உள்ள எதாவது ஷார்ட்னா பல்பு லேசா சிவந்து நிக்கும், கண்ட்ரோலர் பிழைக்கும். ஒரு மினுக்கு மினுக்கி அணைஞ்சா சரி. பல்பை எடுத்துட்டு நேரடியா கொடுங்க.

அடுத்து ஆக்ஸிலேட்டர். சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவுல 5 வோல்ட் பக்கம் வரணும். சிக்னல்ல திருகாதப்போ 0.8, 0.9, முழுசா திருகினா நாலுக்குப் பக்கம். திருகாமலேயே ஒண்ணரைக்கு மேல இருந்தா கிரிப்பை மாத்துங்க.

அந்த ரெண்டு வெள்ளை ஒயர் செல்ஃப் லேர்னிங், அதாவது ஹாலுக்கும் ஃபேஸுக்கும் சரியான ஜோடியை கண்ட்ரோலர் தானா கண்டுபிடிக்கறது. முன்னாடியெல்லாம் மோட்டார் ஹாலும் ஃபேஸும் ஜோடி சேர்ற வரைக்கும் ஒயரை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துக்கிட்டிருந்தோம். இப்போ வண்டியை சென்டர் ஸ்டாண்ட்ல நிறுத்தி, சக்கரம் தரையைத் தொடாம பார்த்துக்கிட்டு, சாவி போட்டு, ரெண்டு வெள்ளையையும் இணைங்க. சக்கரம் தானா சுத்தும். பின்னாடி சுத்தினா பிரிச்சுட்டு மறுபடி இணைங்க, திசை மாறும். முன்னாடி சீரா சுத்தும்போது பிரிச்சுக் கட்டிடுங்க, அதை ஞாபகம் வச்சுக்கும். சில மாடல்ல இதுல சின்ன வித்தியாசம் இருக்கும், கூட வந்த தாளைப் பாருங்க.

மீட்டர்ல 10 ஆம்பியர் குறி இருந்தா, சக்கரம் தூக்கின நிலையில பேட்டரி ஒயர்ல எவ்வளவு இழுக்குதுன்னு பாருங்க. ஒண்ணு, ஒண்ணரை ஆம்பியர் பக்கம் வந்தா ஜோடி சரி. சக்கரம் சுத்தினாலும் நாலு அஞ்சுன்னு இழுத்து முனகினா ஜோடி தப்பு, உடனே நிறுத்திடுங்க.

#25 தாராபுரத்தான்

ஓடுதுங்க! பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணைஞ்சுது. வெள்ளை ஒயரை இணைச்சதும் முதல்ல பின்னாடி சுத்துச்சு, பிரிச்சு இணைச்சதும் முன்னாடி. தூக்கி நிறுத்தி முழு வேகத்துல 1.2 ஆம்பியர். பழைய கண்ட்ரோலர்ல வந்த 'கூ' சத்தம் இப்போ இல்லை. பிரேக் பிடிச்சா மோட்டார் உடனே விட்டுடுது, ரெண்டு லீவர்லயும் சோதிச்சுட்டேன். அப்பா ஒரு ரவுண்டு போயிட்டு வந்து "இது வேற வண்டி மாதிரி இருக்கு, சத்தமில்லாம வந்தா நாய் கூட ஒதுங்க மாட்டேங்குது"ன்னார்.

ஒரே ஒரு குறை, ஸ்பீடு மீட்டர் பூஜ்யத்துலயே நிக்குது. பேட்டரிக் கோடு காட்டுது.

#26 மின்மினி72

பழைய மீட்டர் வேகத்தைக் கண்ட்ரோலரிலிருந்து வருகிற தனி ஒயர் மூலம் எடுக்கும். பல வண்டியில் அது ஃபேஸ் ஒயர் ஒன்றிலிருந்து வரும் சிக்னல்தான். புதுக் கண்ட்ரோலரில் 'மீட்டர்' அல்லது 'ஸ்பீடு' என்று குறித்த ஒற்றை ஒயர் இருக்கும், நீங்கள் மூடிக் கட்டியவற்றில் தேடுங்கள். பழைய சாக்கெட்டில் மீட்டருக்குப் போன ஒயரோடு அதைச் சேருங்கள். அதை 5 வோல்ட் ஹால் பக்கம் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், மீட்டர் உள்ளே என்ன வோல்ட் இருக்கிறது என்று தெரியாமல் ஹாலைத் தொடக்கூடாது.

#27 சால்டர்செல்வம்

அப்புறம் கண்ட்ரோலரை மாட்டின இடம். ஒயர் வெளிய வர்ற பக்கம் கீழ பார்க்கணும், அலுமினிய முதுகு ஃபிரேம் இரும்பைத் தொடணும். சீட்டுக்கு அடியில் ஸ்பாஞ்ச் சுத்தி வச்சா சூடு போக வழியில்லை. பழைய பெட்டியைக் குப்பையில போடாதீங்க, அதுல அஞ்சு மாஸ்ஃபெட் இன்னும் நல்லா இருக்கு. கெப்பாசிட்டரும் சாக்கெட்டும் ஆகும். எனக்கு அனுப்பினா கூரியர் காசு நான் தர்றேன்.

#28 தாராபுரத்தான்

ஸ்பீடு மீட்டர் வந்துடுச்சுங்க, பழுப்பு ஒயர்தான் அது. 24ல நிக்குது. பழைய பெட்டி ரெடி அண்ணா, முகவரியைத் தனிச்செய்தியில போடுங்க. வைகைக்கரை அக்கா, உங்க 5 வோல்ட் இழை எங்க இருக்குன்னு லிங்க் கொடுங்க.